கொழுந்தெடுக்கும் கை: மலையகத் தோட்டங்களிற் பயிற்சியும் திருத்தமும்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அம்மக்கள் வந்த வழியையும், பட்ட துயரையும், இழந்த உரிமைகளையும் பற்றியே எழுதியுள்ளனர். அவை எழுதப்படவேண்டியவையே. ஆயின், அவர்கள் நாள்தோறும் செய்த தொழில் எத்தகையது, அதனை யாரிடம் கற்றனர், கை பிழைத்தபோது அதனைத் திருத்தியோர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. கூடை சுமந்த பெண்ணின் உருவம் தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சாகி உலகெங்கும் சென்றிருக்கிறது. அப்படத்திலே முகம் இருக்கும், புன்னகை இருக்கும், பின்னணியிற் பசுமை இருக்கும். அவளுடைய விரல்கள் என்ன செய்கின்றன என்பதை உற்றுநோக்குவோர் மிகச் சிலரே. அவ்விரல்களின் வரலாறு மலையக வரலாற்றின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படல் வேண்டும்.

கொழுந்தெடுத்தல் கற்றுத்தேற வேண்டிய ஒரு தொழில் என்பதற்கு முதற்சான்று, இலங்கைத் தேயிலையின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெய்லரின் வாழ்விலேயே கிடைக்கின்றது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அவர் கோப்பி அறிந்தவர், தேயிலை அறியாதவர். கச்சார்ப் பகுதியிலிருந்து இவ்வழியே வந்த நோபிள் என்னும் துரையே, டெய்லரின் பங்களாத் தோட்டத்தில் நின்ற சில பழைய தேயிலைச் செடிகளிற் கொழுந்தெடுத்து, வாட்டி, உருட்டிக் காட்டினார். ஒருவர் செய்துகாட்ட, மற்றவர் பார்த்துச் செய்து, பிழைத்துத் திருந்தினார். பங்களாவின் விறாந்தையில் மேசைகளைப் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையிலான கைப்பகுதியாற் கொழுந்தை உருட்டியே முதற் தேயிலை செய்யப்பட்டது. 1873இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட 23 இறாத்தல் தேயிலை இவ்வாறான கைப்பழக்கத்தின் விளைவாகும். டெய்லர் கற்றுக்கொண்டமை நூல்களிற் பதிவாகியுள்ளது. அவரிடம் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் கற்றுக்கொண்டமைக்கு அத்தகைய பதிவு இல்லை.

1869இல் தோன்றிய கோப்பி இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கையை நிர்மூலமாக்கியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்த வேகம் வியப்புக்குரியது. 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கரே தேயிலையின் கீழ் இருந்தது. 1895 அளவில் அது 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. டிம்புள, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை எனக் காடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. வரலாற்றாசிரியர்கள் இவ்விரிவை முதலீடு, போக்குவரத்து, இலண்டன் சந்தை ஆகியவற்றைக் கொண்டு விளக்குவர். ஆனால், இங்கே இன்னொரு கேள்வியும் உண்டு. இருபது ஆண்டுகளுள் மூன்று இலட்சம் ஏக்கரிற் கொழுந்தெடுக்கும் கைகள் எங்கிருந்து பயிற்சி பெற்றன?

வந்தவர்கள் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளைச் சேர்ந்தோர். நாற்று நடவும் களை பறிக்கவும் அறிந்தவர்கள். தேயிலையைக் கண்ணாற் கண்டறியாதவர்கள். கோப்பிக் காலத்தில் இவர்கள் அறுவடைக்கு வந்து, சில மாதங்கள் இருந்து, ஊர் திரும்பினர். பழுத்த பழத்தைப் பறித்தற்கு நீண்ட பயிற்சி வேண்டியதில்லை. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஏழு முதற் பத்து நாட்களுக்கொருமுறை அதே தூருக்கு மீண்டும் வந்து கைவைக்கவேண்டியது. எனவே வந்தவர்கள் குடும்பமாகத் தங்க நேர்ந்தது. பெண்களின் உழைப்பு இன்றியமையாததாயிற்று. லயங்கள் நிலைபெற்றமைக்குத் தேயிலையின் இவ்வியல்பு முக்கிய காரணம் என்பது பலராலும் எடுத்துக்காட்டப்பட்டதே. அதே இயல்புதான் இத்தொழிலைக் கைத்திறன் வேண்டிநிற்கும் தொழிலாகவும் ஆக்கியது என்பது அவ்வளவாக எடுத்துக்காட்டப்படவில்லை.

இத்திறன் எதில் அடங்கியுள்ளது என்பதை விரிவாக நோக்குதல் தகும். 'இரண்டு இலையும் ஓர் அரும்பும்' என்பது எவரும் அறிந்த விதி. கேட்பதற்கு எளிது. மலையில் நிற்பவளின் கண்முன்னே இருப்பதோ விதிக்கு அடங்கும் காட்சியன்று. ஒரே தூரில் எடுக்கத் தகுந்த கொழுந்து இருக்கும். அடுத்த சுற்றுக்கு விடவேண்டிய இளந்துளிர் இருக்கும். வளர்ச்சி நின்று குருத்தடைந்த பஞ்சி இருக்கும். முற்றிய இலையும் இருக்கும். இளந்துளிரை இன்று கிள்ளினால் அடுத்த வாரத்து எடை குறையும். பஞ்சியைக் கிள்ளாது விட்டால் அக்கிளை உறங்கிவிடும். முற்றல் இலை கூடையில் விழுந்தால் ஸ்டோரிலே தேயிலையின் தரம் கெடும். இவற்றைப் பிரித்தறிய அவளுக்குக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப்பொழுதே.

பிரித்தறிந்தபின் பறிக்கும் முறையும் உண்டு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தண்டினை வைத்து ஒடிக்கவேண்டும். நகத்தாற் கிள்ளுதலோ இழுத்துப் பிய்த்தலோ ஆகாது. பழகிய தண்டு தானாக ஒடியும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தை விரல் கண்டுகொள்ளும். இரு கைகளும் தனித்தனியே இயங்கவேண்டும். கைநிறையக் கொழுந்தை நீண்டநேரம் பொத்திவைத்தாற் சூடேறிச் சிவக்கும். ஆதலால், அளவறிந்து தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறியவேண்டும். கூடையிலும் அமுக்கி அடைத்தல் கூடாது. இவற்றோடு, தூரின் மேற்பரப்பு மேசைபோல் மட்டமாக இருத்தல் வேண்டும். மட்டத்துக்கு மேலே வளர்ந்ததை விட்டுவைத்தால், அடுத்தடுத்த சுற்றுகளிலே தூர் கையெட்டா உயரத்துக்குப் போய்விடும். இதற்காகவே மட்டக்கம்பு என்னும் நீண்ட கோல் தூர்களின் மேல் வைக்கப்படுகின்றது. பழகியவளுக்குக் கம்பு வேண்டாம், கண்ணே கம்பு. ஒரு கொழுந்தின் நிறை ஏறத்தாழ ஒரு கிராம் அல்லது அதற்கும் குறைவு. ஆகவே 18 கிலோ கொழுந்தெடுத்த ஒருத்தி அன்று ஏறக்குறைய 18,000 தடவை இத்தீர்மானத்தை எடுத்திருக்கிறாள். அதுவும் நுவரெலியாவின் பனியிலும், டிக்கோயாவின் மழையிலும், செங்குத்தான சரிவிலே கால் வழுக்காது நின்றுகொண்டு.

கவ்வாத்து முடிந்து தூர் மீண்டும் துளிர்க்கும் காலத்தில் வேலை இன்னும் நுணுக்கமானது. முதன்முறையாக மட்டம் எடுக்கும்பொழுது எந்த உயரத்தில் ஒடிக்கப்படுகின்றதோ, அடுத்த சில ஆண்டுகளுக்கு அத்தூரின் உருவமே அதனால் நிர்ணயிக்கப்படும். அங்கே கை பிழைத்தால் அடுத்த கவ்வாத்து வரை அப்பிழை மலையிலே நிற்கும். இவ்வேலைக்குத் தேர்ந்த கைகளையே அனுப்பவேண்டும் என்பது தோட்டங்களில் எல்லோரும் அறிந்த உண்மை. ஆயினும் 'தேர்ந்த கை' என்றொரு பிரிவு செக்றோலில் என்றும் இருந்ததில்லை.

இனி, பயிற்சி நடந்த இடத்தைக் காணலாம். எந்தத் தோட்டமும் கொழுந்தெடுப்போருக்கெனப் பள்ளி நடத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு சிறுமி தாயோடு மலைக்குச் சென்றாள். பெயர் பதியப்பட்டு, சிறுவர் கூலி பெற்றாள். அவளுக்கெனச் சிறு கூடை. நிரை பிரிக்கும்பொழுது அவளைத் தாய்க்கும் அத்தைக்கும் இடையிலோ, அக்காளுக்கும் அடுத்த காம்பிராப் பெண்ணுக்கும் இடையிலோ நிறுத்தினர். இருபுறமும் இரு கைகள் இயங்க, நடுவே அவள் தன் கையை இயக்கினாள். பார்வையே முதற் பாடம். அவளுடைய தூரில் விடுபட்டதைப் பக்கத்து நிரைக்காரி எட்டிக் கிள்ளித் தன் கூடையிற் போடாது அவள் கூடையிலே போடுவாள். அது இரண்டாம் பாடம். 'அதை விடு புள்ள, அடுத்த ரவுண்டுக்கு ஆகும்' என்பது போன்ற ஒரு சொல் மூன்றாவது. திருத்தம் பிழை நிகழ்ந்த அதே கணத்தில், அதே தூரின் மேல், அத்தொழிலைச் செய்பவளின் வாயிலிருந்தே வந்தது. மாலையில் லயத்துக்கு இறங்கும் வழியில் அன்றைய மலையின் பேச்சும் அதுவே.

கல்வியியலார் இன்று செய்முறைத் திறன்களைப் பற்றிக் கூறுவனவற்றோடு இதனை ஒப்பிட்டால், இந்நிரைப்பள்ளி எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது புலப்படும். செய்கை, உடன் திருத்தம், மீண்டும் செய்கை என்பதே கைத்தொழில் யாவற்றுக்கும் அடிப்படை. நெசவிலும் தச்சிலும் மிருதங்கத்திலும் அப்படியே. ஆயின் தச்சனுக்கு ஆசிரியன் உண்டு. அவனுக்குப் பெயரும் தட்சணையும் உண்டு. மாசி மாதத்திலே லயத்து முற்றத்தில் நடக்கும் காமன் கூத்தை எடுத்துக்கொண்டாலும், கூத்துப் பழக்குபவரை வாத்தியார் என மதித்துத் தோட்டமே அழைக்கும். அவர் அடவு பிழைத்தவனை ஏசினாலும் ஏச்சு வாங்கியவன் அதனைப் பெருமையாகவே கொள்வான். அதே லயத்தின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துவந்த வித்தைக்கு வாத்தியார் என்று எவரும் இல்லை. ஒருவேளை அது நாள்தோறும் நடந்தமையாலேயே வித்தையென எவர்க்கும் தோன்றாதிருந்திருக்கலாம்.

நிரையிலே நிகழ்ந்த திருத்தம் இத்தகையது. தோட்ட நிருவாகத்தின் திருத்தமோ வேறு வகையானது. அதன் இடம் கொழுந்து மடுவம்.

நாளொன்றுக்கு மூன்று முறை கொழுந்து நிறுக்கப்பட்டது. கூடைகளை இறக்கிவைத்து வரிசையில் நிற்கும் பெண்களின் முன்னே தராசு. தராசருகே கணக்கப்பிள்ளை, கங்காணி, சிலவேளைகளிற் சின்னத்துரை. கூடையைக் கொட்டி, முற்றல் இலை உண்டா, தண்டு நீளமா என்று கிளறிப் பார்ப்பர். பிறகு கழிவு. கூடைக்கு ஒரு கழிவு, மழைநாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு, தரங்குறைந்த கொழுந்துக்கு ஒரு கழிவு. கேட்ட எடை சேராதவளுக்கு அரைப்பேர்; அதாவது, முழுநாள் நின்றவளுக்கு அரைநாட் கூலி. இதுவும் ஒருவகைத் திருத்தமே என வாதிடலாம். பிழைக்குத் தண்டனை கிடைத்தாற் பிழை குறையுமன்றோ என்பது துரைமாரின் கருத்து. ஆனால் காலையில் நிகழ்ந்த பிழைக்குக் கிடைத்த இத்திருத்தம், எந்தத் தூரில் எந்தக் கையசைவில் அப்பிழை நிகழ்ந்தது என்பதைச் சொல்லவில்லை. ஓர் எண்ணை மட்டுமே சொல்லியது. மேலும், எடையையும் தரத்தையும் ஒருங்கே கோரிய மடுவம் அவையிரண்டும் ஒன்றோடொன்று முரணுவதைக் காண மறுத்தது. தரமான கொழுந்தை மட்டும் எடுத்தவளுக்கு எடை சேராது அரைப்பேர் விழும். எடையைச் சேர்த்தவளுக்கு முற்றலென்று கழிவு விழும். பெருங்கொழுந்துக் காலத்தில், சித்திரை வைகாசியில், செடி கைக்கு முன்னே ஓடும்பொழுது எடையே எல்லாம். கொழுந்து ஒடுங்கும் தை மாசியில், அதிக விலைபோகும் தரத் தேயிலை செய்யப்படுங் காலத்தில், அதே கங்காணி அதே பெண்ணை நோக்கி விரலின் நுட்பம் பற்றி உபதேசம் செய்வான்.

கங்காணியைப் பற்றி ஒன்று கூறவேண்டும். பெரிய கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளின் பேரிலும் தலைக்காசு கிடைத்தது. அவனுடைய வருமானம் தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்திருந்ததேயன்றிக் கைகளின் தேர்ச்சியைப் பொறுத்திருக்கவில்லை. தேர்ந்தவளும் ஒரு தலை, தேராதவளும் ஒரு தலை. அவன் கொழுந்தெடுத்தவனுமல்லன். மலையிலே நின்று சத்தமிட்ட சில்லறைக் கங்காணியும் பெரும்பாலும் ஆணே. எடுத்தறியாதவன் எடுப்பவளைத் திருத்தும் ஏற்பாடு இது. துரையின் நிலையோ இன்னும் ஒருபடி அப்பால். இளந்துரைமார் தமிழ் கற்பதற்கென ஆங்கிலத்தில் எழுந்த கைநூல்களுள் பெயர்பெற்ற ஒன்றின் தலைப்பு 'இங்கே வா' என்பதாகும். தலைப்பே ஏவலாக அமைந்த நூலைக் கொண்டு மொழி பயின்றவரிடம், மலையிலே நிற்பவள் தன் கை கண்டறிந்ததைச் சொல்ல வாய்ப்பு எவ்வளவு இருந்திருக்கும்? எனினும், மொழி ஒருவழியாகவே ஓடுவதில்லை. எடுக்காது விடவேண்டிய இளந்துளிரைக் குறிக்க இலங்கைத் தோட்டத்துரைமாருக்கு ஆங்கிலத்திற் சொல் கிடைக்கவில்லை. பெண்களின் 'அரும்பு' என்ற சொல்லையே 'அரிம்பு' என எடுத்துக்கொண்டனர். ஆங்கிலத்தில் எழுதப்படும் தொழினுட்ப அறிக்கைகளில் அச்சொல் இன்றும் வழங்குகின்றது.

சட்டத்தின் கண்ணில் இத்திறன் எவ்வாறு தோற்றமளித்தது என்பதை 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தெளிவாகக் காட்டுகின்றது. அதன்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த கூலி, மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். மத்திய நாட்டில் முறையே 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. சற்று நின்று நோக்கவேண்டிய பட்டியல் இது. நிலம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது கூலியை வேறுபடுத்தியது. பிறந்தது ஆணா பெண்ணா என்பது வேறுபடுத்தியது. வயது வேறுபடுத்தியது. கை அறிந்தது எவ்வளவு என்பது மட்டும் எங்கும் இடம்பெறவில்லை. முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து, மட்டக்கம்பின்றி மட்டம் காணும் ஒருத்தி, சென்ற மாதம் புல்வெட்ட வந்த இளைஞனைவிட 11 சதம் குறைவாகப் பெற்றாள். சிறுவர் கூலி என்பதோ உண்மையிற் பயிலுநர் கூலியே. ஆயின் பயில்வு முடிந்ததென்று அறிவிக்கும் நாள் எதுவும் அதற்கு இல்லை. வயது வந்த நாளே உண்டு. இச்சட்டம் வருமுன் கூலி இன்னும் ஒழுங்கற்றிருந்தது என்பதும், அரிசி விலையும் முற்பணக் கடனும் அதனை விழுங்கின என்பதும் உண்மை. தொழிலாளரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய துண்டு முறை ஒழிக்கப்பட்டது 1921இலேதான். அந்த வகையில் 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முன்னேற்றமே. ஆனால், பயிற்சியற்ற உழைப்பு என்னும் முத்திரையை அது அரசின் பெயரால் உறுதிசெய்தது.

இவ்வாறு மதிப்பிடப்பட்டமை தற்செயலன்று. திறன் என ஏற்றுக்கொண்டால் அதற்கு விலை கொடுக்கவேண்டும். இயல்பு எனக் கூறிவிட்டால் விலை வேண்டியதில்லை. பெண்ணின் மெல்லிய விரல்களுக்கு இது இயல்பாகவே கைவரும் என்ற கூற்று தேயிலை விளம்பரங்களிலும் துரைமார் எழுத்துக்களிலும் பலவாறாக ஒலித்துவந்தது. பனிக்காலத்திற் கொழுந்துப்பால் ஏறிக் கறுத்து வெடித்த விரல்களைக் கண்டோர் அவற்றை மெல்லியவை எனக் கூறார்.

அறிவுத்துறையிலும் நிலைமை இதுவே. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டு, பின்னர் தலவாக்கலையின் சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. எத்தனை நாட்களுக்கு ஒருமுறை எடுப்பது, எந்த இலைக்கு மேலே ஒடிப்பது, கவ்வாத்துக்குப் பின் எவ்வுயரத்தில் மட்டம் எடுப்பது என்பனவெல்லாம் அங்கே சோதனைக்குள்ளாயின. 1946இல் கொப்புள நோய் இலங்கையில் தோன்றியபோதும் அந்நிறுவனம் பெரும்பணி ஆற்றியது. அதன் பெறுபேறுகள் ஆங்கிலத்தில் அச்சாகித் துரைமாரை அடைந்தன. துரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், கணக்கப்பிள்ளையிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து மலைக்கும் அவை இறங்கும்பொழுது காரணங்கள் உதிர்ந்து கட்டளைகள் மட்டும் எஞ்சின. பதியமுறையில் வளர்த்த புதிய இனச் செடிகள் மலைகளை மூடத் தொடங்கியபோது, பழைய விதைத் தேயிலையிற் பழகிய கைகள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளவேண்டியதாயிற்று. புதிய தூர்கள் நெருக்கமாகத் துளிர்த்தன. கையின் தாளமே மாறியது. அம்மாற்றமும் நிரையிலேதான் கற்கப்பட்டது.

மலையிலிருந்து மேல்நோக்கிக் குரல் எழுந்தது தொழிற்சங்கங்கள் வந்த பின்னரே. ஹற்றனைத் தளமாகக் கொண்டு 1931இல் கோ. நடேசய்யர் அமைத்த சம்மேளனமும், 1939இல் தோன்றிய இலங்கை இந்திய காங்கிரசின் வழிவந்த சங்கமும் முதலிற் போராடியது கூலிக்காகவும் ஆளைத் துரத்தும் அதிகாரத்துக்கு எதிராகவுமே. ஆயினும், தோட்டத் தலைவர் என ஒருவர் வந்து மடுவத்தில் நின்று, இக்கழிவு எதற்கு என வினவியமை ஒரு பெரும் மாற்றம். நிறுத்தவனை நிறுக்கத் தொடங்கியமை என அதனைக் கூறலாம். ஆனால், அத்தலைவரும் பெரும்பாலும் ஆணே. மாதர் சங்கத் தலைவி என்ற பதவி பின்னர் ஏற்பட்டாலும், பேச்சுவார்த்தை மேசையில் அவளுக்குக் கிடைத்த இடம் சிறிது. ஆண் பெண் கூலி வேறுபாடு நீங்குவதற்கு 1984 வரை, அவ்வாண்டின் வேலைநிறுத்தம் வரை, காத்திருக்க நேர்ந்தது.

இதற்கிடையில் இத்திறன் வாய்ந்த கைகளுள் பெருந்தொகையானவை நாட்டைவிட்டே அகற்றப்பட்டன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைக்காசு முறை மறைந்து நீண்டகாலமாகியும் தலைகளை எண்ணும் வழக்கம் மறையவில்லை என்பதற்கு இவ்வொப்பந்தமே சான்று. மண்டபம் முகாமை அடைந்தோரிற் பலர் நூற்பாலைகளுக்கும் சிறுகடைக் கடன்களுக்கும் அனுப்பப்பட்டனர். இருபதாண்டு கொழுந்தெடுத்த கைக்கு நூற்பாலையிலே வேலை முதலிலிருந்து தொடங்கியது. கடன் பெற்றுக் கடை வைத்தோர் பலர் கடையை இழந்தனர். தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியிலே தாயகம் திரும்பியோருக்கெனத் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது; 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. கூடலூர், கோத்தகிரி மலைச்சரிவுகளிலே ஹற்றனிலும் மஸ்கெலியாவிலும் பழகிய விரல்கள் மீண்டும் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தன. அரசுத் திட்டத்தில் இடம் கிடையாதோரும் சமவெளியை விட்டுத் தாமாகவே மலையேறி நீலகிரியை அடைந்தனர். குளிர் பழகியது என்பதும் உறவினர் இருந்தனர் என்பதும் காரணங்களாகக் கூறப்படும். கை அறிந்த தொழில் அங்கேதான் இருந்தது என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரையின் நிறம் மாறியது, பலகையிலே பெயர் மாறியது. மடுவத்தின் அடிப்படை மாறவில்லை. கூட்டு ஒப்பந்தங்களின் காலத்திலே கூலி பல துண்டுகளாகப் பிரிந்தது. அடிப்படைக் கூலி ஒன்று, வரவுக்கு ஒன்று, மேலதிக கிலோவுக்கு ஒன்று. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. பல தோட்டங்களில் அதே கூலிக்குக் கேட்கப்படும் கிலோவின் அளவு உயர்ந்தது. அதன் பின்னரும் கூலி உயர்த்தப்பட்டுள்ளது. கிலோ பற்றிய வழக்கு ஓயவில்லை. மின்தராசு வந்தமையாற் பழைய தராசின் சூழ்ச்சிகள் சில குறைந்தன என்பதை ஏற்கலாம். அதுவும் எண்ணையே சொல்கிறது. கொழுந்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அண்மைக்காலத்திற் கத்தரியாற் கொழுந்து வெட்டும் முறை சில தோட்டங்களிற் புகுந்துள்ளது. யப்பானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழக்கிற்கு வந்த முறை அது. ஆள் குறைவு என்பது நிருவாகம் கூறும் காரணம்; பொய்யன்று. கத்தரி அரும்பையும் கொழுந்தையும் பிரித்தறியாது; மட்டத்துக்கு மேலிருப்பதையெல்லாம் வெட்டும். எனவே கத்தரி பிடிப்பவளுக்கு மட்டம் பற்றிய கணிப்பு முன்னைவிடக் கூர்மையாக வேண்டும். அதன் பாரம் தோளிலும் மணிக்கட்டிலும் இறங்குவதால் நிற்கும் நிலையும் மாறவேண்டும். புதிய கருவிக்குப் புதிய பயிற்சி தேவை என்பதை இம்முறை நிருவாகங்களே ஒப்புக்கொண்டு, பழக்குவோரை மலைக்கு அனுப்புகின்றன. கருவி ஒன்று நடுவே வந்தவுடன் அதே வேலை திறனாகத் தோன்றிவிட்டமை கவனிக்கத்தக்கது.

இளம் பெண்கள் கொழும்பின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். தாய்மார் அதனைத் தடுப்பதில்லை. மலைக்கு வரவேண்டாம் என அவர்களே அனுப்பிவைக்கின்றனர். ஓய்வுபெற்று, ஊழியர் சேமலாப நிதியையும் பெற்றுக்கொண்ட பெண்கள் கைக்காசுக்கு மீண்டும் அழைக்கப்படுகின்றனர். மட்டம் எடுக்கவேண்டிய மலைகளிலே காலை வேளையில் நிரை பிடித்து நிற்போரிற் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். இருபுறமும் நின்று பார்த்துப் பழக, நடுவே சிறுமியர் இல்லை.